தாத்தா எதனால் செத்தார்?

எங்கள் குடும்பத்தில் யார் எந்தக் கிழமையில் செத்தார்கள் என்று கேட்டால் பதில் டக்கென்று வரும். தாத்தா போனது ஒரு ஆடி வெள்ளி. பெரியப்பா போனது தீபாவளிக்கு முந்தின வாரம், அடைமழை, பந்தலுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. யார் கோடி போட வரவில்லை, யார் வந்தும் கை நனைக்காமல் போனார்கள், கேத வீட்டில் யார் யாரோடு மல்லுக்கு நின்றார்கள், எல்லாவற்றையும் முப்பது வருஷம் கழித்தும் வரிசையாகச் சொல்வார்கள். எதனால் செத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வயித்துல ஏதோ கட்டி. மஞ்சக்காமாலை. பொம்பளைகளுக்கு வர்ற சீக்கு. அதற்கு மேல் கேட்டால், 'செத்தவுகளத் தோண்டி என்ன செய்யப் போற, காப்பியக் குடி' என்று பேச்சு திரும்பிவிடும். எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான் என்று நினைக்கிறேன். அண்ணனுடைய பயாப்ஸி ரிப்போர்ட்டில் இரண்டு வரிகளைப் படித்த நாளிலிருந்து இந்த வழக்கம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எரிச்சலாக இருக்கிறது, சில நேரம் அவர்கள் ஏன் அப்படி இருந்தார்கள் என்று புரியவும் செய்கிறது. இரண்டையும் எழுதிப் பார்க்கிறேன்.

ரத்தம் எங்கே போகிறது?

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். வயது 46, கோவில்பட்டியில் ஹார்டுவேர் கடை. சிகரெட் கிடையாது, குடி கிடையாது, கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஒரு கட்டத்தில் கடை மாடிக்கு ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. ரத்தத்தைச் சோதித்தால் ஹீமோகுளோபின் 7 சொச்சம். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், வாராவாரம் ஆட்டுச் சுவரொட்டி. கொஞ்சம் ஏறும், மாத்திரையை நிறுத்தினால் மறுபடி இறங்கும். இரும்பு மாத்திரை தின்றால் மலம் கறுத்துப் போவது சகஜம் என்பதால் அதைப் பார்த்தும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாதங்கள் ஓடின. கடைசியில் வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர், பழைய சீட்டுகளையெல்லாம் புரட்டிவிட்டு, "ரத்தம் கம்மியா இருக்கு, சரி. போற ரத்தம் எங்க சார் போகுது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியை அதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு இரும்புச்சத்து குறைந்தால் வழக்கமான காரணம் ஒன்று கண்முன் இருக்கிறது. நடுவயது ஆணுக்குக் காரணமே இல்லாமல் குறைந்தால், குடலுக்குள் எங்கேயோ கசிகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். இது மருத்துவப் படிப்பின் அரிச்சுவடி.

ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் வலது பக்கப் பெருங்குடலில் கட்டி தெரிந்தது. வலது பக்கம் குடல் அகலமானது, அங்கே மலம் இன்னும் கூழாகத்தான் இருக்கும், அதனால் கட்டி நன்றாக வளர்ந்த பிறகும் அடைப்பு வராது. கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிவதுதான் அறிகுறி. இடது பக்கமோ மலக்குடலோ என்றால் மலம் போகும் முறை மாறும், ரத்தம் கண்ணுக்கே தெரியும். தெரிந்து என்ன, அதற்கு நம்மிடம் மூலம் என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' நோட்டீஸ் ஒட்டாத ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறதா என்ன? மூலம் என்பது பெரும்பாலும் மூலமேதான், நான் யாரையும் பயமுறுத்தவில்லை. ஆனால் உள்ளே பார்க்காமலே அது மூலம்தான் என்று முடிவு கட்டுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

நாலு பெயர், இரண்டு இல்லை

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலது பக்கக் குடலை எடுத்துவிட்டு மீதியைச் சேர்த்துத் தைத்தார்கள். கட்டி குடல் சுவரைத் தாண்டியிருந்தது, ஆனால் நிணநீர்க் கணுக்கள் எதிலும் பரவவில்லை, இரண்டாம் நிலை. ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் ஐ.எச்.சி என்று ஒரு சின்னக் கட்டம். எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்று நாலு பெயர். முதல் இரண்டுக்கு எதிரே 'இருக்கிறது', பின் இரண்டுக்கு எதிரே 'இல்லை'. கட்டியின் மெல்லிய சீவலுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் புரதம் இருந்தால் செல்லின் கரு பழுப்பாகத் தெரியும், இல்லாவிட்டால் நீலமாகவே இருக்கும். டாக்டர் இதை வைத்து இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இந்த வகைக் கட்டி இந்த நிலையில் இருந்தால் கீமோ தேவையில்லை, வழக்கமாகக் கொடுக்கும் மருந்தால் பெரிய பலனும் இல்லை. வீட்டில் இதற்குச் சந்தோஷப்படவில்லை, அழுதார்கள். கீமோ வேண்டாம் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே நம் ஊரில் அர்த்தம்! இரண்டு, 'உங்க குடும்பத்துல யாருக்கெல்லாம் கேன்சர் வந்திருக்கு, எந்த வயசுல, எழுதிட்டு வாங்க' என்று ஒரு தாள் கொடுத்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு.

அந்த நாலு புரதமும் என்ன செய்கின்றன என்பதை அப்பாவுக்கு நான் சொன்ன மாதிரியே இங்கேயும் சொல்கிறேன். அப்பா சிவகாசியில் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வின் 600 கோடி எழுத்தையும் படியெடுக்க வேண்டும். எடுக்கும்போது பிழை விழும். அதைக் கண்டுபிடித்துத் திருத்த ஆள் வேண்டும். எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 இரண்டும் ஜோடியாகச் சேர்ந்து படியைத் தடவிப் பார்த்துப் பிழை எங்கே என்று காட்டும், எம்எல்எச்1, பிஎம்எஸ்2 ஜோடி வந்து திருத்தும் வேலையைத் தொடங்கி வைக்கும். எம்எஸ்எச்2 இல்லாவிட்டால் அதன் ஜோடியான எம்எஸ்எச்6-ம் நிலைக்காது. அதனால்தான் ரிப்போர்ட்டில் இரண்டும் ஒன்றாகக் காணாமல் போயிருந்தன. ஒரே எழுத்து வரிசையாகப் பத்து, இருபது தடவை வரும் இடங்களில்தான் படியெடுக்கும்போது அதிகம் தடுமாறும், புரூஃப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் அங்கேதான் முதலில் நாறும். குடலின் உட்சுவர் சில நாளைக்கு ஒரு முறை புதிதாக முளைத்துக்கொண்டே இருப்பது, ஓயாமல் அச்சு ஓடும் இடம் அது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ரெண்டு பேரு லீவு" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

எம்எல்எச்1 காணாமல் போயிருந்தால் வயதாவதால் வந்த கோளாறாகவும் இருக்கலாம், பரம்பரை என்று அடித்துச் சொல்ல முடியாது. எம்எஸ்எச்2 போயிருந்தால் பெரும்பாலும் பிறவியிலேயே அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவின் ஒரு பிரதி பழுதாக வந்திருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது காலத்துக்கும் வேலை பார்க்கும். எங்கேயோ ஒரு செல்லில் அந்த நல்ல பிரதியும் போகும்போதுதான் வினை ஆரம்பம். இதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். ஏறக்குறைய 300 பேரில் ஒருவரிடம் இந்த நாலில் ஏதோ ஒரு மரபணு பழுதாக இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. பிழை மலிந்த கட்டி உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு அந்நியனாகத் தெரியும், அந்தச் சக்தியின் கண்ணைக் கட்டியிருக்கும் துணியை மருந்தால் அவிழ்த்துவிட்டால் போதும். 2022இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், இதே பழுதுள்ள மலக்குடல் புற்றுக்கு டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். சிகிச்சையை முடித்த 12 பேருக்கும் கட்டி தடம் தெரியாமல் போனது. கத்தியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. செலவைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

மிச்சிகனில் ஒரு தையல்காரப் பெண்

தாளை முதல் தடவை நாங்கள் நிரப்பியபோது அதில் உருப்படியாக ஒன்றும் இல்லை. தாத்தா, 'வயிற்றுக் கட்டி', வயது தெரியாது. பெரியப்பா, மஞ்சள்காமாலை, 52. பெரியத்தை, 'வேறு காரணம்'. அப்பா, நல்ல சுகம். சின்னத்தை, சர்க்கரை, முட்டுவலி. இதை வைத்துக்கொண்டு டாக்டர் என்ன செய்வார்? அந்த வாரம்தான் இந்த நோயின் பழங்கதையைத் தேடிப் படித்தேன். அது ஒரு டாக்டரிடமிருந்து தொடங்கவில்லை என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

1895இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோய்க்குறியியல் டாக்டரிடம் அவருக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பெண் ஒருத்தி மனம் விட்டுப் பேசுகிறாள். தன் வீட்டில் எல்லோரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்துதான் சாகிறார்கள், தானும் சின்ன வயதிலேயே அப்படித்தான் போவேன் என்கிறாள். சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றில் போனாள். வார்த்தின் அவள் குடும்பத்தை விசாரித்து எழுதிக்கொண்டே வந்து 1913இல் பிரசுரித்தார், ஜெர்மனியிலிருந்து போய்க் குடியேறிய அந்தக் குடும்பத்துக்கு 'ஜி' என்று பெயர் வைத்தார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1960களில் நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் ஹென்றி லிஞ்ச் என்ற டாக்டரிடம் குடிநோயாளி ஒருவர் வருகிறார். ஏன் இப்படிக் குடிக்கிறீர்கள் என்று கேட்டால், 'என் வீட்டில் எல்லோரும் குடல் புற்றில் சாகிறார்கள், நானும் சாகத்தான் போகிறேன்' என்கிறார். லிஞ்ச் அதைக் குடிகாரன் பேச்சாக விடவில்லை. வீடு வீடாகப் போய் வம்சாவளி எழுதினார். புற்றுநோய் பரம்பரையாக வரும் என்பதை அன்றைக்குப் பலர் ஒப்பவே இல்லை, எல்லாம் சுற்றுச்சூழல் என்றார்கள். 1993இல் எம்எஸ்எச்2 மரபணு கிடைத்தது. 2000இல் அந்தத் தையல்காரப் பெண்ணின் வம்சத்தில் பழுதாக இருப்பதும் அதே எம்எஸ்எச்2தான் என்று தெரிந்தது. அண்ணனுக்கு இல்லாமல் போன அதே பெயர். டாக்டர்கள் நூறு வருஷத்துக்கு மேல் சுற்றி வந்து சேர்ந்த இடத்தை அந்தப் பெண் ஊசியும் கையுமாக இருந்தபோதே சொல்லியிருக்கிறாள்.

இதில் என் மண்டையில் நின்ற சொல் கர்ப்பப்பை. குடல் புற்று என்ற ஒன்றைத்தான் நாங்கள் தாளில் தேடிக்கொண்டிருந்தோம். எம்எஸ்எச்2 பழுதான பெண்ணுக்குக் கர்ப்பப்பைப் புற்று வரும் வாய்ப்பு குடல் புற்றுக்குச் சற்றும் குறைந்ததில்லை, வாழ்நாளில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. சூலகம், இரைப்பை, சிறுநீர்க் குழாய், பித்தநாளம் என்று வேறு இடங்களிலும் வரும். 1990இல் ஆம்ஸ்டர்டாமில் கூடி நிபுணர்கள் முதலில் வகுத்த விதியில் குடல் புற்று மட்டும்தான் கணக்கு, கர்ப்பப்பையைச் சேர்த்தது 1999இல். பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கி வைப்பதை நம் ஊர்க்காரர்கள் மட்டும் செய்யவில்லை.

சின்னத்தை

சின்னத்தைக்கு நான்தான் போன் செய்தேன். அப்பாவோ தம்பியோ கேட்டிருந்தால் அவள் சொல்லியிருக்கவே மாட்டாள். மூட்டுவலித் தைலம், மழை, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் பேசிவிட்டு, பெரியத்தைக்குக் கர்ப்பப்பை எடுத்தார்களே, அது எதற்கு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று 'அத்தே, அத்தே' என்று கூப்பிட்டேன்.

"கேக்குது தாயி. அது கட்டிக்குத்தான்னு எல்லார்ட்டயும் சொன்னோம். கட்டிதான். ஆனா நல்ல கட்டி இல்ல. மருதைல பெரிய டாக்டரு அப்பமே சொல்லிட்டாரு, புத்துன்னு. மாமாவுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். அவ மகளுக்குப் பேசி முடிச்சு, பூ வச்ச நேரம். வெளிய தெரிஞ்சா அந்த வீட்டுல வேண்டாம்னுருவாகன்னு வாயத் தொறக்கல. அக்காவே சத்தியம் வாங்குனா."

பெரியத்தைக்கு அப்போது 46 வயது. மூன்று வருஷம் கழித்து அவள் இறந்தபோது 'வேறு காரணம்' ஆனது. மகளுக்கே அதுதான் சொல்லப்பட்டது.

சரி, தாத்தாவுக்கு என்ன அத்தே என்றேன். ஒரு தடவை திறந்துவிட்டால் பிறகு நிற்காது போல. "எங்கய்யாவுக்கா? வெளிக்குப் போனா ரத்தமாப் போகும். எங்கம்மா வேட்டிய விடியுமுன்ன கெணத்தடிக்குத் தூக்கிட்டுப் போயி சாம்பலப் போட்டுத் தொவைப்பா. நாந்தான் வாளி எறைச்சு ஊத்துவேன். யாரும் பாத்துறக் கூடாதுன்னு இருட்டோட போவோம். என்னியப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்துன வருசம் அது." கணக்குப் போட்டால் தாத்தாவுக்கு ஐம்பதுக்கு உள்ளேதான். பெரியப்பாவின் மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததையும், வயிறு வீங்கினதையும் சொன்னாள். குடலிலிருந்து போகும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது, குடல் புற்று பரவினால் பெரும்பாலும் முதலில் அங்கேதான் இறங்கும். பித்தநாளத்தில் வந்த புற்றாகவும் இருந்திருக்கலாம். வெறும் காமாலையாகவும் இருந்திருக்கலாம். அவர் சதுரத்தில் கேள்விக்குறி போட்டேன். அப்பாவைப் பெற்றவரும் அப்பாவின் அக்காவும் அந்தப் போன் பேச்சில்தான் தாளுக்குள் வந்தார்கள். சின்னத்தை கடைசியில், "இதெல்லாம் எழுதுறியா தாயி?" என்று கேட்டாள். எழுதுகிறேன் என்றேன். "எழுது. ஆனா நான் சொன்னேன்னு அக்கா மகனுக்குத் தெரிய வேண்டாம்."

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் காப்பாற்ற இரண்டு பெண்கள் சேர்ந்து செய்த காரியம் அது, அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்த வரையில் சரியான காரியமும்கூட. பெரியத்தை நோயைச் சொல்லியிருந்தால் அன்றைய டாக்டர் மட்டும் என்ன செய்திருப்பார், மரபணுப் பரிசோதனையா இருந்தது? என் கோபமெல்லாம் இன்றைக்கும் அதையே செய்கிறவர்கள் மேல்தான். படித்தவர்கள், ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள், பையனுக்குச் சம்பளச் சீட்டு கேட்கிறவர்கள்.

அப்போ நான் தப்பித்தேனா?

அண்ணனுக்கு ரத்தத்தில் பார்த்ததில் எம்எஸ்எச்2 பழுது உறுதியானது. எந்த எழுத்தில் பிழை என்று ஒருவரிடம் தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறைவு. அடுத்தது அப்பா. "அறுபத்தேழு வயசுக்கு மேல எனக்கு எதுக்கு" என்றார். உங்களுக்கு இல்லை, எனக்கு என்றேன். அப்பாவிடம் இல்லையென்றால் எனக்கும் தம்பிக்கும் வர வழியே இல்லை, இந்தப் பழுது ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிக்காது. அப்பா பார்க்காமல் நான் பார்த்து எனக்கு இருந்துவிட்டால், அவருக்கும் இருக்கிறது என்பது அவர் கேட்காமலே வெளியே வந்துவிடும். என் ரத்தத்தைச் சோதித்தால் அவர் ரகசியமும் சேர்ந்து உடையும். அதுதான் அவரை யோசிக்க வைத்தது. பார்த்தார். இல்லை என்று வந்தது.

சொந்தக்காரர்கள் எல்லோரும் 'நீங்க தப்பிச்சீங்க' என்றார்கள். லிஞ்சிலிருந்து தப்பித்தோம், அவ்வளவுதான். பெருங்குடல் புற்று வருகிறவர்களில் லிஞ்ச் உள்ளவர்கள் 100க்கு 3 பேர் போலத்தான். பாலிபோசிஸ் என்ற இன்னொரு பரம்பரை நோய் உண்டு, ஏபிசி என்ற மரபணு பிறவியிலேயே பழுதாகி, பதின்வயதிலேயே குடலில் பாலிப் என்ற சின்ன மொட்டுகள் நூற்றுக்கணக்கில் முளைத்து, குடலை எடுக்காவிட்டால் நாற்பதைத் தொடுவதற்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் புற்றாகும். அது இன்னும் அபூர்வம். மற்ற பெரும்பாலோருக்குப் பழுது பிறவியில் வருவதில்லை, வாழ்நாளில் சேர்கிறது. அந்த வரிசையைப் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் வோகல்ஸ்டீன் குழு 1988இலும் 1990இலும் எழுதிக் காட்டியது. குடல் சுவரின் ஒரு செல்லில் முதலில் அதே ஏபிசி போகிறது, ஒரு சின்ன மொட்டு முளைக்கிறது. அடுத்து கேராஸ் என்ற மரபணு மாறுகிறது, மொட்டு பெருக்கிறது. கடைசிப் பக்கம் பி53 என்ற மரபணு போகிறது, மொட்டு சுவரைத் துளைத்து இறங்குகிறது. இதற்குப் பத்து வருஷமோ அதற்கு மேலுமோ ஆகும். பெரும்பாலான மொட்டுகள் கடைசி வரை மொட்டாகவே இருந்துவிடும். லிஞ்ச் உள்ளவர்களுக்கு அதே பயணம் இரண்டு மூன்று வருஷத்தில் முடிந்துவிடலாம், அதனால்தான் எம்எஸ்எச்2 பழுது உள்ளவர்கள் இருபதுகளிலிருந்தே ஒன்று அல்லது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கொலோனோஸ்கோபி பார்க்கச் சொல்கிறார்கள். பார்க்கும்போதே பாலிப்பைக் கம்பிக் கண்ணியால் சுருக்கிட்டு எடுத்துவிடலாம், வலிக்காது. முந்தின ராத்திரி குடிக்கும் பேதி மருந்துதான் கொடுமை, அதை நான் மறைக்க மாட்டேன்.

சாப்பாடு ஒன்றும் செய்யாது என்றும் சொல்ல முடியாது, சாப்பாடுதான் எல்லாம் என்றும் சொல்ல முடியாது. ஜப்பானிலிருந்து ஹவாய்க்குப் போனவர்களுக்கு ஒன்றிரண்டு தலைமுறையிலேயே குடல் புற்று அமெரிக்கர்கள் அளவுக்கு ஏறியது, மரபணு அதேதான், ஊர்தான் வேறு. அந்த ஜி குடும்பத்திலேயே முதல் தலைமுறைகளில் இரைப்பைப் புற்று அதிகம், பின்னால் வந்தவர்களுக்குக் குடல் புற்று. பழுது அப்படியே இருக்க, அது எந்த இடத்தில் தலைகாட்டும் என்பதைக் காலம் மாற்றியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியை உறுதியான காரணிகள் வரிசையில் வைத்தது, தினம் 50 கிராம் தின்றால் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றது. நம்மில் பலர் சாசேஜும் பேக்கனும் தினம் தின்கிறவர்கள் இல்லை. ஆனால் குடி, புகை, தொப்பை, சர்க்கரை, நாள் முழுக்க நாற்காலி, இதெல்லாம் பட்டியலில் இருக்கிறது, இதெல்லாம் நம்மிடமும் இருக்கிறது. அமெரிக்காவில் 1990 வாக்கில் பிறந்தவர்களுக்கு, 1950இல் பிறந்தவர்கள் அதே வயதில் இருந்ததைவிட மலக்குடல் புற்று நாலு மடங்கு. அங்கே பரிசோதனை தொடங்கும் வயதை 2021இல் 50லிருந்து 45 ஆக இறக்கினார்கள். பழைய சோறு தின்றால் குடல் புற்று வராது என்று எனக்கு வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை நான் யாருக்கும் அனுப்பவில்லை. பழைய சோறு எனக்குப் பிடிக்கும், அது வேறு.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ குடல் புற்று வந்திருந்தால், மரபணு எதுவும் சிக்காவிட்டாலும், நமக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. நாற்பது வயதிலோ, அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது பார்க்க ஆரம்பிக்க வேண்டும். இந்த ஒரு கணக்குக்கே அவர்களுக்கு என்ன வந்தது, எந்த வயதில் வந்தது என்பது தெரிந்தாக வேண்டுமே.

சொந்தத்துக்குள்

இனிதான் சிக்கலான பகுதி. அண்ணன் மகளுக்கு இருபது வயது. பெரியத்தை மகன் இருக்கிறாரே, எனக்கு அத்தான், அவர் பையனுக்கு அவளைக் கொடுப்பதாக இரண்டு வீட்டிலும் ரொம்ப நாளாகப் பேச்சு. முறை சரி, சொத்து பக்கத்துப் பக்கத்தில், பிள்ளைகளுக்கும் மறுப்பு இல்லை. அண்ணன் மகளுக்குப் பழுது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரியத்தைக்கு வந்தது இதே வினைதான் என்றால் அத்தானுக்கும் பாதிக்குப் பாதி, அவர் பையனுக்குக் கால் பங்கு. இருவரிடமும் இருந்து கல்யாணமும் நடந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு இரண்டு பிரதியும் பழுதாக வரும். அப்படிப் பிறந்தால் பிழை திருத்த ஆளே இல்லாமல் ஆரம்பிக்கிற உடம்பு. மூளைக் கட்டி, ரத்தப் புற்று, குடல் புற்று, எல்லாம் பள்ளிக்கூட வயதிலேயே வரலாம். தோலில் பால்காப்பி நிறத் தேமல்கள் இருக்கும். சொந்தத்துக்குள் கட்டும் சமூகங்களில் இதை அதிகம் பார்க்கிறார்கள். ஒருவரிடம் மட்டும் இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆக, கல்யாணத்தை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை, இரண்டு பேரும் ஒரு குழாய் ரத்தம் கொடுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

அத்தான் மாட்டேன் என்கிறார். "எங்கம்மாவுக்கு அப்படி ஒண்ணும் இல்ல" என்கிறார். நான் சின்னத்தைக்குக் கொடுத்த வாக்கு நடுவில் நிற்கிறது. அண்ணனே நேரில் போய், தன் ரிப்போர்ட்டை மட்டும் காட்டி, தாத்தா வழியாக வந்ததாகச் சொல்லியிருக்கிறார். பேச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது. அண்ணன் மகள் அப்பாவுக்கும் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுத்துவிட்டாள், முடிவு அவளுக்கு மட்டும்தான் தெரியும், அது அவள் இஷ்டம்.

எனக்கு அவசரம் வேறொருத்தி விஷயத்தில். பெரியத்தையின் மகள், எனக்கு மதினி, எவளுடைய கல்யாணத்துக்காக அந்தச் சத்தியம் வாங்கப்பட்டதோ அவள். இப்போது அவளுக்கு 45. அவள் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது 46. இந்த வயதில் மாதவிடாய் தாறுமாறாக வந்தால் எல்லோரும் 'நிக்கிற நேரம், அப்படித்தான்' என்பார்கள், அவளிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். சின்னத்தையிடம் இதை மட்டும் சொல்லிக் கெஞ்சினேன், மற்றவர்களுக்கு வேண்டாம், மதினிக்கு நீயே சொல். அவள் தன்னால் முடியாது என்று அழுதாள், நீயே சொல்லிக்கோ என்று விட்டுவிட்டாள். ஒரு மத்தியானம் மதினி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், சத்தியம் உட்பட. குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது, எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அம்மா ஏன் மறைத்தாள், யாருக்காக மறைத்தாள் என்று நான் விளக்கப் போனதை அவள் கேட்கவே இல்லை. "இருந்தா என்ன செய்வாங்க?" என்றாள். வருஷம் ஒரு தடவை குழாய் விட்டுப் பார்க்கலாம், இனிமேல் பிள்ளை வேண்டாம் என்றால் கர்ப்பப்பையையும் சூலகத்தையும் எடுத்துவிடலாம், டாக்டர் சரி என்றால் தினம் ஆஸ்பிரின் சாப்பிடலாம், இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்து லிஞ்ச் உள்ளவர்களுக்குக் குடல் புற்று கணிசமாகக் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள், பலன் தெரியச் சில வருஷம் ஆகும், வயிற்றுப்புண் இருந்தால் ஆகாது, என்றெல்லாம் சொன்னேன். இல்லையென்றால்? இல்லையென்றால் உன் பிள்ளைகளுக்கும் இல்லை, ஆனால் இந்த ரத்தப்போக்கை எப்படி இருந்தாலும் ஒரு டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

"எப்பப் போகணும்? வெறும் வயித்தோட வரணுமா?"

வேண்டாம் மதினி, இதற்குச் சாப்பிட்டுவிட்டே வரலாம் என்றேன்.